‘பபா’ வளர்ந்த பின்னும் ‘பபா’தானா?

எமது வீடுகளில் பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்கள். ஒன்று பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளது. மற்றையது பபா, மிமி, லாலா என ஒரே ஓசை இருமுறை வரும் வீட்டுப் பெயர்.

இந்த இரட்டிப்பு குழந்தையின் வாயிலிருந்தே வருகின்றது. ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் குழந்தை ‘பபபப’, ‘மமமம’ என ஒலியெழுப்பத் தொடங்கும். மாமா, தாத்தா, பாப்பா போன்ற சொற்களும் அவ்வாறு அமைந்தவையே.

வளர்ந்த பெண்ணுக்கு அது பொருந்துமா? சீனாவில் இரட்டை ஓசை முறையான பெயராகவும் வைக்கப்படுகின்றது. நடிகை ஃபான் பிங்பிங்கை அப்பெயர் யாரும் சிறுமியாக எண்ணச் செய்வதில்லை. எமக்கோ அது வீட்டுக்குரியது. கச்சேரியில் உடன் பணிபுரிபவர் நாற்பது வயதுப் பெண்ணை ‘பபா’ என்றால் அது மரியாதைக் குறைவு. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதையே தாய் அழைத்தால் அவர் மனம் குளிரும். ஆகவே, பொருத்தம் வயதில் இல்லை, அழைப்பவரில் உள்ளது.

போர் அப்படி அழைப்பவர்களைப் பல வீடுகளில் இல்லாமல் செய்துவிட்டது. தாயை இழந்த பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சொல்ல இன்று ஒருவரும் இல்லாதிருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட மகளைத் தேடும் தாய் படிவத்தில் பதிவுப் பெயரை எழுதுகின்றார். அழும்போது வருவது வீட்டுப் பெயரே.

உங்கள் வீட்டுப் பெயர்களையும், வைத்தவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். அவற்றுக்கு வேறு பதிவு இல்லை.