வண்டி ஏன் துள்ளுகிறது?

எங்கள் வீட்டில் ஏழு பேர் அமரக்கூடிய ஜீப் வகை வண்டி ஒன்று உண்டு, 2009-இல் வாங்கியது. சென்ற ஆண்டு அது ஏரிக்கரைச் சாலையில் படகைப்போல ஆடத் தொடங்கிற்று. பழுது பார்ப்பவர் குனிந்து பார்த்துவிட்டு, "பட்டை தளர்ந்துபோச்சு சார். இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டிடலாம்" என்றார். கட்டினோம். வண்டி உயர்ந்து நின்றது. ஆனால் துள்ளல் முன்னைவிடக் கூடிவிட்டது! இது எப்படி?

வண்டியின் எடையைத் தாங்குவது வில். எங்கள் வண்டியில் முன்புறம் சுருள்வில். பின்புறம் எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. உடனே அதைத் திருப்பியும் தந்துவிடுகிறது. வில் மட்டுமே இருந்தால் வண்டி நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த ஆற்றலை விழுங்கவே ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஷாக் அப்சார்பர் என்னும் குழாய் இருக்கிறது. அதற்குள் எண்ணெய்; எண்ணெயில் நுண்துளைகளும் வால்வுகளும் கொண்ட பிஸ்டன். துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாயும்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடிவந்த வண்டியில் அக்குழாய் சூடாக இருப்பது இதனால்தான். அதிர்ச்சியைத் தாங்குவது வில்லே. இது அலைவைத் தணிப்பது. ஆகவே அந்தப் பெயரே சற்றுப் பொருந்தாதது என்பேன்.

பாடநூலில் படித்த தடையுறு அலைவை இங்கே நினைவுகூருங்கள். வண்டியின் ஒரு மூலையை 10 செ.மீ. அமுக்கி விடுவதாக வைத்துக்கொள்வோம். தணிப்பு நன்றாக இருந்தால் அது நடுநிலையைத் தாண்டி ஏறக்குறைய 4 செ.மீ. எழும்பும்; பின் ஒன்றரை செ.மீ. தாழ்ந்து அடங்கிவிடும். எண்ணெய் கசிந்து, வால்வு தேய்ந்து, தணிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டால்? 7, 5, 4, 3 செ.மீ. என்று ஆட்டம் நீளும். வண்டியின் இயல்பு அதிர்வெண் வினாடிக்கு 1.2 என்றால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 14 மீட்டருக்கு ஒன்றாக வரும் மேடுகள் ஒத்ததிர்வை உண்டாக்கும். அப்போது நல்ல வண்டி மேட்டின் உயரத்தைப்போல் இரு மடங்கு ஆடும். தேய்ந்த வண்டி ஐந்து மடங்கு ஆடும்.

சரி, பட்டை தளர்ந்தது பொய்யா? முழுப் பொய்யன்று. நாளடைவில் வில் நிலையாகச் சற்றுத் தாழ்ந்துவிடும். ஆனால் அதன் விறைப்பு எஃகின் மீட்சித்தன்மையையும் அளவுகளையும் பொறுத்தது. துரு தின்றாலன்றி அது பெரிதாகக் குறைவதில்லை. கூடுதல் பட்டை உயரத்தைத் தந்தது, விறைப்பையும் கூட்டிற்று. விறைப்பான வில்லை அடக்கக் கூடுதல் தணிப்பு வேண்டும். எங்கள் வண்டியிலோ பழைய தணிப்பே போதவில்லை! பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் சிறிது தணிக்கும். அதை நம்பி ஓட்ட முடியாது.

இது சொகுசைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பிரேக் பிடிக்கும்போது வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு. சக்கரம் சாலையை அழுத்தும் விசை குறைந்தால் உராய்வும் குறையும். தணிப்பற்ற சக்கரம் வினாடிக்குப் பத்துத் தடவை போலத் தத்துகிறது; மேலெழும் கணங்களில் பிரேக்கினால் பயன் குறைவு. மழைநாளில், வண்டி நிறையக் குழந்தைகள் இருக்கையில், இதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வண்டியைச் சோதிக்க, பின்புற பம்பரின் மீது ஏறி நின்று சட்டென்று இறங்குங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் ஓரளவு நலம். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, குழாயில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும்; இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நாங்கள் சேர்த்த பட்டையைக் கழற்றிவிட்டு, நான்கு ஷாக் அப்சார்பர்களையும் வெடித்துப்போன ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். அதிலும் ஒரு தவறு நேர்ந்தது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே புஷ்களின் போல்ட்டுகளை முறுக்கிவிட்டார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்குண்டு நின்றது. அப்படியே ஓட்டினால் அது விரைவில் கிழிந்துவிடும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது மீண்டும் முறுக்கச் செய்தோம்.