சக்கரம் சுழல வேண்டும்

சென்ற வாரம் 1/2000 நொடியில் உறைந்த படங்களைப் பார்த்தோம். தெறிக்கும் நீர்த்துளிக்கும் பறவையின் சிறகுக்கும் அந்த ஷட்டர் வேகம் பெரிய வரம். பந்தயக் காருக்கு அதுவே பகை. மணிக்கு 180 கிலோமீட்டரில் பாயும் கார் நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. 1/2000 நொடியில் அது நகர்வது இரண்டரை சென்டிமீட்டர்தான். சக்கரம் திரும்புவது நாலரை டிகிரிகூட இல்லை. டயரில் அச்சிட்ட பெயரைப் படத்தில் வாசித்துவிடலாம், ஆனால் கார் ஓடியதா நின்றதா என்று சொல்ல முடியாது. வேகம் காருக்கும் அது கடந்துபோகும் தரைக்கும் இடையே நடப்பது. தரையையும் மரத்தையும் காரோடு சேர்த்து அசைவின்றி நிறுத்திவிட்டால், எதைக் காட்ட வந்தோமோ அது படத்தைவிட்டுப் போய்விடுகிறது. அதனால்தான் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பி எடுக்கும் பேனிங்கை அழகுக்காகச் சேர்க்கும் உத்தியாக நான் கருதுவதில்லை. பக்கவாட்டில் கடக்கும் காரின் வேகத்தைப் பற்றி ஒரு ஸ்டில் படம் உண்மை சொல்ல, அதைவிட நேரான வழி இல்லை என்பது என் கட்சி.

இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சாட்சி ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரரான ழாக் ஆன்ரி லார்த்தீக் கிராண்ட் பிரி பந்தயத்தில் எடுத்த 6ஆம் எண் காரின் படம் அது. 1912 என்று நெடுங்காலம் குறிக்கப்பட்டு, 1913இல் அமியான் நகரருகே நடந்த பந்தயம் என்று பிற்பாடு கண்டறியப்பட்டது. அப்படியானால் எடுத்தவருக்கு அப்போது வயது 19. காரின் சக்கரம் முட்டை வடிவாகி முன்பக்கம் சாய்கிறது; ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். அந்தக் கேமராவின் ஷட்டர் நகரும் ஒரு குறுகிய பிளவு. காட்சியின் அடிப்பகுதி முதலிலும் மேற்பகுதி சற்றுப் பிந்தியும் தகட்டில் பதிந்தன. அதற்குள் கார் முன்னேறிவிட்டதால் சக்கரத்தின் மேல்பாதி முந்திக்கொண்டது. லார்த்தீக் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பினார், காரை எட்டும் அளவுக்குத் திருப்பவில்லை. அந்தத் திருப்பம்தான் அசையாமல் நின்றவர்களைப் பின்னால் சாய்த்தது. காரின் வேகம், கேமராவின் வேகம், நிற்பவர்களின் அசைவின்மை மூன்றும் ஒரே தகட்டில் இருக்கின்றன. காரின் முன்பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. விதிப்படி பார்த்தால் பிழையான படம். ஆனால் அன்றைய பந்தயத்தின் வேகத்தை இன்றும் நமக்குள் கிளப்புவது அந்தப் பிழைகள்தான்.

அவர் பாதி செய்ததை முழுதாகச் செய்வதே பேனிங். கேமரா திரும்பும் வேகமும் கார் நம்மைக் கடக்கும் வேகமும் ஒன்றிவிட்டால், கார் தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் பதியும். பாதையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்றால், அந்த 180 கிலோமீட்டர் கார் நேர் எதிரே வரும்போது கேமரா நொடிக்கு 57 டிகிரி வேகத்தில் திரும்ப வேண்டும். 20 மீட்டரில் நின்றால் 143 டிகிரி! பழகுகிறவர் தள்ளி நிற்பதே நல்லது. நேர் எதிரே வரும்போது அந்தத் திருப்பு வேகம் உச்சத்தில் இருக்கிறது. உச்சியில் அது ஒரு கணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. காரின் மூக்கும் வாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நம்மைக் கடப்பது அங்கேதான். முன்போ பின்போ அழுத்தினால் இரண்டும் இரண்டு வேகம், ஒன்று தெளிந்தால் மற்றது கலங்கும். பாதங்களை அந்த இடம் நோக்கி ஊன்றிக்கொண்டு, இடுப்பை முறுக்கிக் காரைத் தொலைவிலேயே பிடித்துக்கொண்டு வரச் சொல்வது இதனால்தான். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. எஸ்எல்ஆர் கேமராவில் உள்ளே இருக்கும் கண்ணாடி எழுந்ததும் வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. படம் பதிவது அந்த இருட்டில். அப்போது காரைத் தொடர்வது கண்ணால் ஆகாது, இடுப்பின் பழக்கம்தான் தொடர வேண்டும்.

பின்புலத்திலும் கவனம் வேண்டும். கேமரா திரும்பும்போது அருகிலிருக்கும் வேலியும் தூரத்து மரமும் படத்தில் ஏறத்தாழ ஒரே அளவு நீள்கின்றன. 200 மில்லிமீட்டர் லென்ஸில், அதே 50 மீட்டர் தொலைவில், 1/125 நொடிக்கு அந்த நீளம் சென்சாரில் 1.6 மில்லிமீட்டர், 1/30 நொடிக்கு ஆறரைக்கு மேல், அதாவது 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. நீள்வதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? வெறும் வானத்தின் முன் எவ்வளவு நேர்த்தியாகத் திருப்பினாலும் கோடு விழாது. கூட்டம், விளம்பரப் பலகை, வெயிலும் நிழலுமான மரவரிசை, இவைதான் வேகத்துக்கு உருவம் தருகின்றன.

நொடிக்கு 20, 30 படம் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டனவே, ஒன்றாவது தேறாதா என்று கேட்கலாம். தேறும், மறுக்கவில்லை. மேலும் கீழுமான கைநடுக்கம் கணத்துக்குக் கணம் மாறுவது. பல படம் எடுத்தால் ஒன்று தப்பிவிடும். திருப்பும் வேகமே பிசகியிருந்தால் முப்பதிலும் அதே பிசகுதான் இருக்கும். உறைந்த படத்தை எடுத்துக்கொண்டு பின்புலத்தைக் கணினியில் கலைத்துவிடலாமே என்பது இன்னும் கனமான மறுப்பு. ஆனால் உண்மையான பேனிங்கில் கலைவது பின்புலம் மட்டுமா? 1/125 நொடிக்குள் சக்கரம் சுமார் 70 டிகிரி சுழன்று அதன் ஆரங்கள் வட்டமாகக் கரைகின்றன. ஜன்னல் வழியே தெரியும் மறுபக்கம் கோடாகிறது. பளபளக்கும் கதவில் விழுந்த மரங்களின் பிம்பம் ஓடுகிறது. இவை எல்லாவற்றையும் பொறுமையாக வரைந்து சேர்க்க முடியும். சேர்த்தபின் அந்தக் கார் அந்த இடத்தை அந்த வேகத்தில் கடந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சியாக நிற்காது. விபத்து, இரண்டு கார்கள் உரசும் கணம், நம்மை நோக்கி நேராக வரும் கார் ஆகியவற்றுக்கு வேகமான ஷட்டரே சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலிரண்டில் செய்தியே தெளிவில் இருக்கிறது, மூன்றாவதில் திருப்ப எதுவுமில்லை.

மெதுவான ஷட்டருக்கு உச்சி வெயில் ஒரு தொல்லை. ஐஎஸ்ஓ 100இல் எஃப் 16 வைத்தாலும் ஷட்டர் 1/100 நொடி அளவுக்கே இறங்கும். துவாரத்தை இன்னும் சுருக்கினால் படம் சற்று மழுங்கும், சென்சாரின் தூசியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுவதோ, மாலை வரை பொறுப்பதோ மேல். லென்ஸில் நடுக்கத்தடுப்பு இருந்தால், மேல்கீழ் அசைவை மட்டும் தடுக்கும் பேனிங் நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழகுவதற்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பைக் நொடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. பாதையிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பாதுகாப்பான இடத்தில் நின்றால் கேமரா திரும்ப வேண்டிய வேகம் அங்கேயும் நொடிக்கு 57 டிகிரிதான். 50 மீட்டரில் பந்தயக் காருக்கு இடுப்பு செய்யும் அதே வேலை. 1/250இல் தொடங்கி, பாதிக்குப் பாதி தேற ஆரம்பித்ததும் 1/125க்கும், அது கைவந்தபின் 1/60க்கும் இறங்கலாம்.