வெள்ளத்தோடு வந்த பதினெட்டு

2024 ஜூன் 12. பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். அன்று மதகுகள் திறக்கவில்லை. 120 அடி அணையில் பாதி அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஜூலையில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி வழிய, ஜூலை 30-ல் மேட்டூரும் முழுக் கொள்ளளவை எட்டியது. அடுத்த ஓரிரு நாளில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறியது. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் கரையோரம் இருந்தவர்கள் முகாம்களுக்குப் போனார்கள்.

ஆகஸ்ட் 3, ஆடி பதினெட்டு. காவிரிக்கு நன்றி சொல்லும் நாளில், பல படித்துறைகளில் காவிரியில் இறங்கவே தடை!

சேலம், நாமக்கல் பக்கம் ஆடி முதல் தேதியே தேங்காய் சுட்டு நோம்பியைத் தொடங்கிவிடுவார்கள். பதினெட்டாம் நாள் மேட்டூரில் குளித்து அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிடுவார்கள். மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் முளைப்பாரியை ஆற்றில் விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். ஆறு வறண்டாலும் கரை புரண்டாலும் இந்தத் தேதி மாறுவதில்லை. மனநிலை பார்த்து வருகிற நன்றி அல்ல இது. நெருக்கடி நேரத்தில் இப்படிக் கும்பிடுவதால் உடலிலோ மனதிலோ அளந்து பார்க்கக்கூடிய மாற்றம் ஏதும் நடக்கிறதா?

மொரீஷியஸில் மராத்தி வம்சாவளிப் பெண்கள் 75 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2020-ல் வெளியானது. இயற்கைப் பேரிடரை எப்படிச் சமாளிப்பது என்று பேசத் தயாராகுங்கள், உங்கள் பேச்சை மதிப்பிடுவோம் என்று சொல்லி முதலில் அவர்களைப் பதற வைத்தார்கள். பிறகு ஒரு பிரிவினர் கோயிலில் வழக்கம்போல வழிபட்டார்கள். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வழிபட்டவர்களிடம் பதற்றம் கூடுதலாகத் தணிந்திருந்தது. இதயத் துடிப்பைப் பதிவு செய்த கருவியும் அதையே காட்டியது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த, திரும்பத் திரும்பச் செய்கிற செயல்கள் மனதுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கற்பூரம், மணி, சுற்றிவருதல் எல்லாம் அந்த வகைதானே?

நன்றி உணர்வைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-ல் வெளியிட்டது. நன்றிக்குரியவற்றை வாரந்தோறும் எழுதிய மாணவர்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட வாழ்க்கையில் நிறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். நரம்புத்தசை நோயாளிகளிடம் மூன்று வாரம் நடத்திய பகுதியில், நன்றிக் குறிப்பு எழுதியவர்கள் கூடுதல் நேரம் தூங்கினார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதை மந்திரமாக்கிவிட்டார்கள். பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதோ, மனச்சோர்விலும் பதற்றத்திலும் கிடைத்த பலன் சிறிதுதான்.

தமிழர்களையே நேரடியாகத் தொட்டது மொரீஷியஸ் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த மானுடவியலாளர் திமித்ரிஸ் சிகலதாஸ் குழுவின் 2019 ஆய்வு. நாள்பட்ட நோய் உள்ளவர்களும் வசதி குறைந்தவர்களும்தான் கடுமையான நேர்த்திக்கடனை ஏற்றிருந்தார்கள். அலகு அதிகம் குத்திக்கொண்டவர்களே பிறகு மனநிலை கூடுதலாக மேம்பட்டதாகச் சொன்னார்கள். உடலுக்கு நீடித்த பாதிப்பும் தென்படவில்லை.

ஆனால் இந்த ஆய்வுகளில் வருகிறவர்கள் தாங்களாக வேண்டிக்கொண்டவர்கள், அல்லது ஒப்புக்கொண்டு எழுதியவர்கள். பள்ளிபாளையம் வெள்ள முகாமில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தறித் தொழிலாளியிடம் போய், இருப்பதற்கு நன்றி சொல் என்று அறிவுரை கூற இவற்றில் எந்த ஆதாரமும் இல்லை. அவருக்கு முதலில் வேண்டியது வெள்ளம் எட்டாத இடத்தில் ஒரு வீடு.