பெட்டியில் பொறித்த எழுத்துகள் என்ன சொல்கின்றன?

மலேசியாவின் ஜொகூரில், பாசிர் கூடாங்கிலோ பெங்கெராங்கிலோ ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தச் சிறு உலோகப் பிளேட் பழக்கமானது. விளக்கின் கழுத்தில், மோட்டாரின் பக்கவாட்டில், ஜங்ஷன் பாக்ஸின் மூடியில் 'எக்ஸ் டிபி டூ-சி டி4 ஜிபி' என்பதுபோல ஒரு வரி பொறித்திருக்கும். முதலில் வெடிவாயு உள்ள இடத்துக்கான கருவி என்று காட்டும் 'எக்ஸ்' (Ex) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சத்தைப் படிக்காமலே கேபிளை இழுக்கத் தொடங்கிவிடுகிறோம். உயிரைக் காக்கும் செய்தி அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

2020 மார்ச் 15 இரவு பெங்கெராங் எண்ணெய் சுத்திகரிப்பு வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் பிரிவில் அது நடந்தது. முந்தைய ஆண்டு ஏப்ரலிலும் அதே வளாகத்தில் ஒரு வெடிப்பு. எந்த விபத்துக்கும் ஒரு பிளேட்டைக் காரணமாக்க நான் வரவில்லை. ஆனால் கந்தகம் நீக்கும் பிரிவு என்றாலே உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஓடும் இடம். அங்கே வைக்கும் கருவி அந்த இடத்துக்குத் தகுதியானதா என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது.

'டூ' என்ற ரோமன் எண், சுரங்கம் அல்லாத இடங்களில் உள்ள எரிவாயுக்களைக் குறிக்கும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு 'ஒன்று', தூசி பறக்கும் இடத்துக்கு 'மூன்று'. இரண்டின் பின்னால் வரும் எழுத்து வாயுவின் முரட்டுத்தனத்தைச் சொல்கிறது: ஏ என்றால் சமையல் எரிவாயுவில் உள்ள புரோபேன் போன்றவை, பி என்றால் பிளாஸ்டிக் ஆலைகளின் மூலப்பொருளான எத்திலீன், சி என்றால் ஹைட்ரஜனும் அசிட்டிலீனும். புரோபேனைப் பற்ற வைக்கத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்குகூட ஹைட்ரஜனுக்கு வேண்டாம். இந்த எழுத்தை மட்டும் பார்த்தால், சி பெட்டியை ஏ இருக்கும் இடத்தில் வைக்கலாம். ஏ பெட்டியை சி இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

அடுத்து வரும் 'டி' தனிக் கணக்கு. கருவியின் மேற்பரப்பு அதிகபட்சம் எவ்வளவு சூடாகலாம் என்பது அது. டி1 என்றால் 450 டிகிரி செல்சியஸ், டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. அனுபவசாலிகளும் இடறும் இடம் இது. ஹைட்ரஜன் சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். ஆனால் பொறி இல்லாமல் வெறும் சூட்டில் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும். வித்துகளிலிருந்து எண்ணெய் பிரிக்கப் பயன்படும் ஹெக்சேன் இதற்கு நேர்மாறு. பொறியைப் பொறுத்தவரை அது சாதுவான ஏ பிரிவு. சூட்டைப் பொறுத்தவரை 240 டிகிரியைத் தொடும் முன்பே தானாகப் பற்றிவிடும். ஹெக்சேன் உள்ள இடத்தில் டூ-சி டி2 கருவியை வைத்தால், 'சி போட்ட உசத்தியான பெட்டி' என்ற நம்பிக்கையே ஆபத்தாகும். பிளேட்டில் சுற்றுப்புற வெப்பம் தனியாகக் குறிப்பிடப்படாவிட்டால் அந்த டி எண் 40 டிகிரி சுற்றுப்புறம் வரைக்கும்தான் செல்லும். ஜொகூர் வெயிலில், உலைக்குப் பக்கத்தில் மாட்டிய பெட்டியைச் சுற்றி வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமல்ல.

'டிபி'யில் உள்ள 'டி' தீத்தாங்கும் கூடு. இது வாயுவை உள்ளே விடாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். வாயு உள்ளே போகும். வெடிக்கவும் செய்யும். அந்த வெடிப்பைப் பெட்டி தாங்கும். சூடான வாயு மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி வழியே நெளிந்து வெளியேறும்போது, வெளியில் உள்ள வாயுவைப் பற்ற வைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். ஆய்வகச் சோதனையில் புரோபேன் தீ தாண்ட முடியாத இடைவெளி 0.92 மில்லிமீட்டர், ஹைட்ரஜனுக்கு வெறும் 0.29. ஆகவே மூடியின் விளிம்பை எமரித் தாளால் தேய்ப்பதும், அதில் பெயின்ட் அடிப்பதும், எட்டுப் போல்ட்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஏழோடு மூடுவதும் சின்ன அலட்சியங்கள் அல்ல. கடல் காற்றில் அந்த விளிம்பு துருப்பிடித்தாலும் அதே கதைதான். சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருக்கும். அது சொல்லும் பெட்டி இனி அங்கே இல்லை.

கடைசியில் வரும் 'ஜிபி', வாயு வரும் வாய்ப்பைப் பொறுத்துப் பிரித்த மண்டலங்களில், வழக்கமான இயக்கத்தில் அவ்வப்போது வாயு வரக்கூடிய மண்டலம் 1-க்கானது. தொட்டியின் உட்புறம் போல எப்போதும் வாயு நிற்கும் மண்டலம் 0-க்கு 'ஜிஏ' வேண்டும். எப்போதாவது, கொஞ்ச நேரம் வரும் மண்டலம் 2-க்கு 'ஜிசி' போதும்.

பிளேட்டில் உள்ள சான்று எண்ணின் கடைசியில் தனி எழுத்தாக 'எக்ஸ்' (X) நின்றால் விசேஷ நிபந்தனைகள் உண்டு என்று பொருள். சான்றிதழைத் திறந்து படிக்காமல் மாட்டக் கூடாது. அறுகோணத்துக்குள் இருக்கும் 'எக்ஸ்' (Ex) ஐரோப்பியச் சட்டத்தின் சின்னம். சர்வதேச ஐஇசிஎக்ஸ் அமைப்பின் சான்று எண் இருந்தால் அந்த அமைப்பின் இணையதளத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். மலேசியாவில் சிரிம் கியூஏஎஸ் நிறுவனம் வெடிவாயு இடக் கருவிகளுக்கான சான்றை வழங்குகிறது. ஆனால் வீட்டு மின்சாதனத்தில் ஒட்டும் சிரிம் ஸ்டிக்கர் வேறு. அதற்கும் வெடிவாயுவுக்கும் சம்பந்தமில்லை.

பிளேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் இந்தியன் ஆயில் கிடங்கில் பெட்ரோல் கசிந்து, ஆவி மேகமாய்ப் பரவி வெடித்தது. விசாரித்த எம்.பி. லால் குழு, தீ மூண்டிருக்கக்கூடிய இடங்களில் ஒன்றாக நிர்வாகக் கட்டடத்தின் தீத்தாங்காத மின்கருவியைக் குறிப்பிட்டது. அலுவலகத்தில் சாதாரணக் கருவி இருப்பது இயல்புதான். மேகம் மண்டல வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நகர்வதில்லை. அதனால் கசிவை உடனே அடைப்பதற்கு ஈடாக எந்தப் பிளேட்டும் வராது.

ஜொகூர் ஆலைகளில் காலைப் பாதுகாப்புப் பேச்சு மலாயிலோ ஆங்கிலத்திலோ நடந்து முடிகிறது. கேட்டு நிற்பவர்களில் தமிழ், வங்காளம், நேபாளி பேசுகிறவர்கள் உண்டு. கருவியைத் திறந்து மூடும் கைகள் அவர்களுடையவை; இந்த வரியை அவரவர் மொழியில் சொல்லித் தருவது கான்ட்ராக்டரின் கடமையாக வேண்டும். அதுவரை ஒன்றைச் செய்யலாம்: பெயின்ட் மூடியோ துரு தின்றோ பிளேட் படிக்க முடியாமல் இருந்தால், அதைச் சான்றில்லாத கருவியாகவே எண்ணி, திறக்கும் முன் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.