ஊர்க்காரர்

2022இல் வந்த 'ராக்கெட்ரி' படத்தைப் பார்த்துவிட்டு என் பேத்தி, "அப்போ நீங்க என்ன நினைச்சீங்க தாத்தா?" என்று கேட்டாள். நம் அன்பர்களில் மூத்தவர்களுக்கு அந்த விவகாரம் நினைவிருக்கும். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக வெற்றி கண்டபோது, தில்லியில் என் அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அதன் இரண்டாம் கட்டத்தில் இருந்தது 'விகாஸ்' எஞ்சின். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த நம்பி நாராயணனை, 46 நாள் கழித்து நவம்பர் 30 அன்று கேரளப் போலீசார் கைது செய்தார்கள். மாலத்தீவுப் பெண்கள் மூலமாக ராக்கெட் ரகசியங்களைப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. பத்திரிகைகளில் தினமும் அதுவே தொடர்கதை. ஒரு வரி விடாமல் படித்து, உண்மைதான் என்று முடிவும் கட்டிவிட்டேன்.

பக்கத்து மேஜைப் பஞ்சாபி நண்பர், "உங்க ஊர்க்காரராமே?" என்று கேட்டார்.

"இல்லை, திருவனந்தபுரத்துக்காரர்" என்றேன் அவசரமாக. அவர் பிறந்தது நாகர்கோவில், படித்தது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

விற்றதாகச் சொல்லப்பட்டதில் கிரையோஜெனிக் எஞ்சின் ரகசியமும் ஒன்று. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சின் அது. அன்று நம்மிடம் அது இல்லவே இல்லை! 1991இல் ரஷ்யாவிடம் ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்க நெருக்குதலால் 1993இல் தொழில்நுட்பத்தைத் தர ரஷ்யா மறுத்துவிட்டது. அதுவும் பத்திரிகைகளில் வந்த சேதிதான். நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். இல்லாத சரக்கை எப்படி விற்பது?

சரி, விகாஸ் எஞ்சின் வரைபடங்களை விற்றார் என்றே வைத்துக்கொள்வோம். பிரான்சுடன் 1974இல் ஒப்பந்தமாகி, நம் பொறியாளர்கள் வெர்னான் நகருக்கே போய், செய்தவர்களோடு கூடவே இருந்து வேலை கற்றார்கள். அப்படியும் நம் எஞ்சின் சோதனை மேடை ஏறியது 1985இல்தான். காகிதத்தை மட்டும் வாங்கிப் போகிறவன் என்ன செய்வான்? இதை நான் அன்று யோசிக்கவில்லை.

குற்றச்சாட்டு பொய் என்று 1996இல் சி.பி.ஐ. நீதிமன்றத்தில் சொன்னது. அந்தச் சேதியைப் படித்த ஞாபகமே எனக்கு இல்லை. கைதுச் சேதி மட்டும் எந்தப் பக்கத்தில் வந்தது என்பதுவரை நினைவிருக்கிறது. கைது தேவையற்றது என்று கூறி உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது 2018 செப்டம்பர் 14 அன்று. இதே வழக்கில் சிக்கிய பெங்களூரு சந்திரசேகர் இரண்டே நாளில் காலமானார். தீர்ப்பு வந்தபோது அவருக்கு நினைவில்லை.

2019இல் நம்பி நாராயணனுக்குப் பத்மபூஷண் அறிவித்த அன்று பஞ்சாபி நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். நானே முந்திக்கொண்டு, "எங்க ஊர்க்காரர்!" என்றேன்.

"அன்னிக்கு இல்லைன்னு சொன்னீங்களே?" என்றார்.