மொத்தமாய் வாங்கிய நிலம், சில்லறையாய்ப் பிரித்த உரிமை



நம் தொழிலின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மொத்தமாக எடுத்தால் விலை படியும். சில்லறையாகப் பிரித்தால் ஏழைக்கும் எட்டும். ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்க வழியில்லாத கூலிக்காரர் நம் கடையில் நூறு கிராம் வாங்கிச் சாம்பார் வைக்கிறார். மூட்டைக்கும் நூறு கிராமுக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம்.

இதே முறையை நிலத்துக்கும் கையாண்டு, பல்லாயிரம் கூலிக் குடும்பங்களை நில உடைமையாளர்களாக ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்தது வங்கியுமல்ல, அரசாங்கமுமல்ல. கதர் கட்டிய ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மையார் நம் திண்டுக்கல் சீமைக்காரர் என்பது நமக்குப் பெருமை. அவர்கள் செய்தது என்ன, எப்படிச் செய்தார்கள், அதில் நமக்கு என்ன பாடம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

யார் இவர்கள்?

திருமதி கிருஷ்ணம்மாள் 1926-ஆம் ஆண்டு பட்டிவீரன்பட்டியை அடுத்த அய்யன்கோட்டையில், நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அக்காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் பள்ளிப் படியேறுவதே அரிது. இவர் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். அவருக்குத் துணை நின்றவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள் அவர். 1947-இல் தம் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவியவரும் அவரே. ஒரு வணிகக் குடும்பத்துப் பெண்ணின் ஆதரவு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

திரு. சங்கரலிங்கம் ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு 1930-இல் கல்லூரிப் படிப்பை விட்டவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். நாடு விடுதலையடைந்த பிறகே மணம் செய்துகொள்வது என்று இருந்து, 1950-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். சாதி வேறு, வசதி வேறு. நோக்கம் மட்டும் ஒன்று.

தானமாக வந்த நிலம்

1951 ஏப்ரல் 18-ஆம் தேதி தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஒரு சம்பவம் நடந்தது. நிலமற்ற மக்கள் வினோபா பாவேயிடம் தங்களுக்கு 80 ஏக்கர் வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதான இயக்கம் அங்கே பிறந்தது. ஜெகந்நாதன் வினோபாவுடன் வடநாட்டில் நடந்தார். பிறகு கணவனும் மனைவியுமாகத் தமிழ்நாட்டில் ஊர் ஊராய்ப் போய் நிலம் கேட்டார்கள். நம் வத்தலக்குண்டு வட்டாரம் அந்த வேலையில் முன்னணியில் நின்ற பகுதி.

தானத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பது வியாபாரிக்குத் தெரியும். கேட்டவுடன் கொடுப்பவர் பெரும்பாலும் தமக்கு உதவாததைத்தான் முதலில் கொடுப்பார். பூமிதானத்தில் வந்த நிலங்களில் நல்ல நிலமும் இருந்தது. கல்லும் கரடும், தண்ணீர் இல்லாத மேடும், வழக்கில் கிடந்த நிலமும் இருந்தன. வாய்ச்சொல்லாகக் கொடுத்துப் பத்திரம் ஆகாமல் நின்றவையும் உண்டு. எண்ணம் உயர்ந்ததே ஆயினும், வந்து இறங்கிய சரக்கு எல்லாமே முதல் ரகம் அல்ல.

வெண்மணியும் அதன் பிறகும்

1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தகராறில் 44 பேர் ஒரே குடிசைக்குள் தீயில் கருகினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செய்தி கேட்டுத் தமிழ்நாடே கலங்கியது. ஆனால் கலங்கியவர்களில் பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு அங்கேயே குடியேறியவர்கள் மிகச் சிலர். ஜெகந்நாதன் தம்பதியர் அவர்களில் இருவர்.

காவிரிப் படுகையில் அவர்கள் கண்டது என்ன? நன்செய் நிலம் பெரும்பாலும் சில குடும்பங்கள், மடங்கள், கோயில்கள், அறக்கட்டளைகள் கையில் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும், 1970-இல் 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும் வரையறை செய்தது. ஆனாலும் அறக்கட்டளைப் பெயரிலும் பினாமி பெயரிலும் நிலம் பதுங்கிக்கொண்டது. சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், சிறை போனார்கள். பலன் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

1981-இல் அவர்கள் புதிதாய் ஒரு வழியை எடுத்தார்கள். உழுவோரின் நில விடுதலை என்று பொருள்படும் பெயரில் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கேட்டுப் பெறுவதோடு, போராடிப் பெறுவதோடு, விலை பேசி வாங்குவது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் பாஷையில் சொன்னால், கொள்முதலில் இறங்கினார்கள்.

அந்தக் கொள்முதல் எப்படி நடந்தது?

முதலாவது, விற்பவர். நிலத்தை வைத்துக்கொண்டு பட்டணத்தில் குடியிருப்பவர், பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போய்விட்டவர், கூலித் தகராறில் அலுத்துப்போனவர் இப்படி எவ்வளவோ பேர் விற்கத் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே இடத்தில் பேசி முடித்துப் பணம் தரும் ஆள். நூறு கூலிக்காரர்களோடு தனித்தனியே எந்த மிராசுதாரரும் பேரம் பேசமாட்டார். லாஃப்டி நடுவில் நின்று இரு தரப்பையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தது. வெண்மணியை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

இரண்டாவது, முதல். கூலிக்காரர் கையில் ஏது பணம்? வங்கிக் கடன் கேட்டார்கள். ஈடு காட்டச் சொத்து இல்லாதவருக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. நாம் புதிய கடைக்காரருக்குக் கடனுக்குச் சரக்குத் தரத் தயங்குவது போலத்தான். விடாமல் நடந்து, அரசுத் திட்டங்களின் உதவியையும் சேர்த்து, அந்தத் தயக்கத்தைக் கரைத்தார்கள்.

மூன்றாவது, பத்திரச் செலவு. ஒரு கொள்முதலை நூறாகப் பிரித்தால் நூறு பத்திரம். முத்திரைத்தாள் செலவு நிலத்தின் விலையோடு ஏறி ஏழையின் தலையில் விழும். இதையும் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது.

நான்காவது, பிரிக்கும் அளவு. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். நல்ல தண்ணீர் இருந்தால் ஓர் ஏக்கர் நன்செய், ஒரு சிறு குடும்பத்துக்கு வீட்டு நெல் போக ஏதோ கொஞ்சம் விற்கவும் தரும். அதற்குக் குறைந்தால் வயிறு நிறையாது. கூடினால் அடுத்த குடும்பத்துக்கு இல்லை.

ஐந்தாவது, யார் பெயரில்? பெண்ணின் பெயரில். ஆண் பெயரில் எழுதினால் சாராயக்கடைக்கோ கல்யாணக் கடனுக்கோ நிலம் கைமாறிப் போகலாம். பெண் பெயரில் எழுதினால் அடுப்படி வரை வந்து சேரும் என்பது அம்மையாரின் கணக்கு. நம் கடையில் பாக்கி வைத்தால் திருப்பிக் கொடுக்க முதலில் வருவது வீட்டு அம்மாதான் என்பதை நாமும் அறிவோம்.

இப்படிப் போராட்டத்தாலும் கொள்முதலாலும் 2007 வரை ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் போய்ச் சேர்ந்தது. வேலையில்லாத மாதங்களில் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை என்று பயிற்சியும் தந்தார்கள். 2008-இல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் லாஃப்டிக்கும் கிடைத்தது. அம்மையாருக்கு 2020-இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. ஜெகந்நாதன் ஐயா 2013 பிப்ரவரியில் காலமானார்.

வாங்கியதைக் காப்பதும் வேலை

சரக்கு இறக்கியதும் வேலை முடிவதில்லை; எலியும் ஈரமும் தாக்காமல் காக்க வேண்டும். 1990-களில் கடலோர நன்செய்களில் இறால் பண்ணைகள் பெருகின. உப்புநீர் நிலத்திலும் குடிநீரிலும் இறங்கியது. ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகள் கூடாது என்றது. ஆனால் பிறகு 2005-இல் வந்த கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் கீழ்ப் பண்ணைகள் பதிவு பெற்று நடக்க வழி ஏற்பட்டது. ஆக, வழக்கில் வென்றும் முழுப் பலன் கைக்கு வரவில்லை. இறால் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வந்தது உண்மை. பக்கத்து வயல்காரரின் நஷ்டம் யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. லாபத்தை ஒரு நோட்டிலும் நஷ்டத்தை இன்னொருவர் நோட்டிலும் எழுதுவது நேர்மையான கணக்கு ஆகாது.

இதில் நமக்கு என்ன?

"நிலம் பங்கிட்ட கதை மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, நம் வாடிக்கையாளர் யார்? நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் பக்கத்துக் கிராமக் கடைகளுக்கு எங்கள் மண்டியிலிருந்து நெடுங்காலமாகச் சரக்குப் போகிறது. மழை பெய்து கூலி கிடைத்தால் கடையில் வசூல். கூலி இல்லாவிட்டால் பாக்கி. அந்தப் பாக்கி கடைக்காரர் நோட்டிலிருந்து எங்கள் நோட்டுக்கு ஏறும். கையில் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ சொந்தமாக உள்ள குடும்பம் பாக்கியைத் தள்ளிப் போட்டாலும் கொடுத்துவிடும். கூலியை மட்டும் நம்பிய குடும்பம் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ பிழைக்கப் போய்விட்டால், நோட்டுதான் மிஞ்சும். வாடிக்கையாளரின் உடைமைதான் நம் கடைக்கு அஸ்திவாரம்.

இரண்டு, நாமே இன்று நிலமில்லாதவர் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறோம். பெரிய நிறுவனங்கள் லாரி லாரியாகக் கொள்முதல் செய்து, நம் அடக்க விலைக்கே சில்லறை விற்கின்றன. செல்போனில் தட்டினால் வீட்டுக்கே சரக்கு வருகிறது. தெருமுனைக் கடைக்காரர் தனியாக வந்து இரண்டு மூட்டை கேட்டால் அவருக்கு அந்த விலை படியாது. பத்துக் கடைக்காரர் சேர்ந்து ஒரு லோடு கேட்டால் படியும். மூட்டைக்கு நாற்பது ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடைக்கு மாதம் இருபது மூட்டை என்றால் எண்ணூறு ரூபாய் மிச்சம். கடை மின்கட்டணத்துக்காவது ஆகும்.

இதில் நாங்கள் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து நேரடியாகப் பருப்பு இறக்க முயன்றார்கள். மொத்த வியாபாரிகளான எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களில் இருவரைத் தனியே கூப்பிட்டு மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தோம். கடன் தவணையையும் நீட்டினோம். கூட்டு அடுத்த மாதமே கலைந்தது. அன்று அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தோம். அந்தக் கடைகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த சரக்கும் எங்கள் மண்டியில் இன்று போவதில்லை. இரண்டு ரூபாயில் யாரை வென்றோம் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

செய்யக் கூடியவை

லாஃப்டி கையாண்ட முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை இவை:

1. ஒரு தெரு அல்லது ஒரு கிராமத் தொகுப்பு அளவில் பத்துப் பதினைந்து கடைகள் மட்டும் சேர வேண்டும். ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பது முக்கியம்.

2. துவரம்பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் என்று மூன்று சரக்கோடு தொடங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டால் எதுவும் நிலைக்காது.

3. பில் யார் பெயரில், ஜி.எஸ்.டி. கணக்கு எப்படி என்பதை முதலிலேயே கணக்கரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பத்திரச் செலவை மறந்தால் நிலம் கைக்கு வராதது போலத்தான் இதுவும்.

4. பங்குப் பணம் முன்கூட்டியே வர வேண்டும். ஒருவர் பாக்கி மற்றவர் தலையில் ஏறினால் கூட்டு உடையும்.

5. மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வாசிக்க வேண்டும்.

6. மொத்த வியாபாரிகளான நாங்கள் இதற்கு எதிரிகளாக நிற்கக் கூடாது. லாபம் மூட்டைக்குக் குறைந்தாலும் லோடு நிலைத்தால் கடை நிலைக்கும். இந்த முறை யாரையும் தனியே கூப்பிட்டு விலை குறைக்க மாட்டோம் என்று எங்கள் மண்டி சார்பில் உறுதி சொல்கிறோம்.

மிராசுதாரரையும் கூலிக்காரரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துப் பேரம் முடித்தவர் அய்யன்கோட்டைக் கூலி வீட்டுப் பெண். மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் ஒரே ஊரில், ஒரே சங்கத்தில் இருக்கிறோம். நமக்குள் உட்கார்ந்து பேசுவது அவ்வளவு கடினமா? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். விருப்பமுள்ள கடைக்காரர்கள் தங்களுக்கு மாதம் எவ்வளவு சரக்கு வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால், அன்றைக்கே கூட்டிப் பார்த்துவிடலாம்.