வடவெல்லை - 6: காவியமும் கர்ணம் கணக்கும்

சித்தூரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை புத்தலப்பட்டில் பிரிகிறது. வலப்பக்கத்துச் சாலை திருப்பதிக்கும், மற்றது பீலேரு வழியாகக் கடப்பைக்கும் போகின்றன. ஆனி மாதத்தில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளை நோக்கிச் செல்லும் அந்தச் சாலையில், தேநீர்க் கடைக்காரர் டிராக்டர் ஓட்டியிடம் தெலுங்கிலும், வேலூர் லாரிக்காரரிடம் தமிழிலும், இரண்டும் அறிந்த உள்ளூர்க்காரரிடம் இரண்டையும் குழைத்தும் சில்லறை கேட்பார். பாஷையை வைத்து ராஜ்யங்களைப் பிரிப்பது என்ற தத்துவம் மேடையில் எவ்வளவு சுலபமோ, இப்படிப்பட்ட இடத்தில் அவ்வளவு கஷ்டம்.

1946 நவம்பர் 21-ஆம் தேதி ம.பொ.சிவஞானம் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கியபோது, அது தேர்தலுக்கு நிற்கும் கட்சியாக அல்லாமல், ஒரு கொள்கையைப் பிரசாரம் செய்யும் ஸ்தாபனமாகவே இருந்தது. பாரதத்தை விட்டுப் பிரியாமல், ஆனால் தன் காரியங்களைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் சுயாட்சி பெற்ற தமிழகம் வேண்டும் என்பது அதன் மூலக் கோரிக்கை. ஆட்சியும் கல்வியும் தமிழில் நடைபெற வேண்டும் என்பதும், மாகாணங்கள் மொழிவாரியாக அமைய வேண்டும் என்பதும் அதிலிருந்து கிளைத்தவை. பிரிவினை பேசிய திராவிட இயக்கத்தாருக்கு இவர்கள் தேசியவாதிகளாகவும், தேசியம் பேசிய காங்கிரசாருக்கு இவர்கள் பிராந்தியவாதிகளாகவும் தோன்றினார்கள். இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்கியவர்களின் அந்தச் சுயாட்சிக் கோரிக்கைதான் 1974-இல் தமிழ்நாடு சட்டமன்றத்தின் தீர்மானமாயிற்று.

சமூக விஷயங்களில் ம.பொ.சி.யின் துணிவுக்கு மதுவிலக்கு ஒன்றே சாட்சி. கள் இறக்குவதையே ஜீவனமாகக் கொண்ட கிராமணி சமூகத்தில் பிறந்து, வறுமையினால் ஆரம்பப் பள்ளியைக்கூட முடிக்க இயலாமல் அச்சுக்கோர்த்துப் பிழைத்த மனிதர், தம் குலத்தாரின் பிழைப்பில் கைவைக்கும் சட்டத்தை அந்தக் குலத்தாரிடமே ஆதரித்துப் பேசினார். ராஜாஜி 1937-இல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு, அடுத்த ஆண்டே சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும் வந்துவிட்டது என்பதால், புத்தலப்பட்டுப் பக்கத்துக் குடியானவர்களுக்கு இது கேள்விப்பட்ட செய்தி அல்ல, வீட்டில் அனுபவித்த செய்தி. ஓட்டுக் கேட்கிறவர்கள் சொல்லத் தயங்குவதைச் சொல்லும் உரிமை ஓட்டுக் கேட்காத ஸ்தாபனத்துக்கு உண்டு. அந்த உரிமையைக் கழகம் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டது.

எல்லை விஷயத்துக்கு வருவோம். வேங்கடமும் குமரியும் தமிழகத்தின் வட, தென் எல்லைகள் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்ததைப் பிரமாணமாகக் கொண்டு, கழகம் திருப்பதியையே கோரியது. இலக்கியப் பற்றுடையோருக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தபின், 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் அமைந்தபோது, 1911-இல் வடாற்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து வெள்ளைக்கார அரசாங்கம் உண்டாக்கிய சித்தூர் ஜில்லா, உள்ளே வசித்தவர்களின் பாஷையைத் தாலுகா தாலுகாவாகப் பிரித்துப் பாராமல், முழுசாக அங்கே போயிற்று. சென்னை நகரம் மட்டும் தப்பியது.

எல்லைக்காக நடந்த கிளர்ச்சியில், காவியத்தைக் காட்டியவர்களைவிடக் கிராமத்துக்குப் போனவர்களே அதிகம் சாதித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். திருத்தணிப் பகுதியில் தமிழ்ப் புலவர் மங்கலங்கிழார், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மட்டுமே படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஊர் ஊராகச் சென்று தமிழ் எழுத்தைக் கற்பித்தார்; தமிழ் பேசுகிறவன் தன்னைத் தமிழன் என்று கணக்கெடுப்பில் சொல்லிக்கொள்ளும் நிலையை உண்டாக்கியது அந்த எழுத்துதான். 1953-லேயே அவர் காலமாகிவிட்டார். பலனைக் காண இருக்கவில்லை. இரு ராஜ்யங்களுக்கும் இடையே மத்தியஸ்தராக வந்த எச்.வி. படாஸ்கர் பாயிரத்தைப் புரட்டவில்லை. கிராமமே அலகு, பெரும்பான்மையோரின் மொழியே அளவுகோல், நிலத்தொடர்ச்சி இருக்க வேண்டும் என்று கர்ணம் கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவருடைய சிபாரிசின்மேல் 1959-இல் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. பதிலுக்குச் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போயிற்று. திருப்பதியும் சித்தூரும் புத்தலப்பட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

திருத்தணி கிடைத்த வெற்றிக்குக் கழகத்தாரைப் பாராட்டாத தமிழர் இல்லை. ஆயினும், கோட்டுக்கு அப்பால் நின்றுபோனவர்களுக்கு இன்னது வேண்டும் என்று நிலத்தைக் கேட்ட உறுதியுடன் கேட்டிருக்க வேண்டாமா? எல்லை நம்முடையதாகிவிட்டால் சிறுபான்மைப் பிரச்சினையே எழாது என்ற நம்பிக்கையில் ஊன்றி நின்றவர்களுக்கு, எல்லை நம்முடையதாகாவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டாம் யோசனை பிரதானமாகப் படவில்லை. சத்தியவேட்டுத் தமிழர் விஷயத்திலும், இந்தப் பக்கம் வந்துவிட்ட திருத்தணித் தெலுங்கர் விஷயத்திலும் இது ஒருபோலவே பொருந்தும்.

இத்தனைக்கும் வழி அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்துதர ராஜ்யங்கள் முயல வேண்டும் என்ற 350-ஏ விதி 1956-இல் சேர்க்கப்பட்டது. இந்தச் சிறுபான்மையோரின் பாதுகாப்புகளை விசாரித்து ஜனாதிபதிக்கு அறிக்கை தரத் தனி அதிகாரியை 350-பி விதி ஏற்படுத்தியது. அதற்கும் முன்பே, 1949-இல் மாகாணக் கல்வி மந்திரிகளின் மாநாடு, பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ வேறு தாய்மொழியுடையவர்களாக இருந்தால் அந்த மொழிக்கு ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தது.

சித்தூர் ஜில்லாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள், ஒரு வகுப்பில் பத்துப் பேரோ, பள்ளி முழுவதிலும் நாற்பது பேரோ தேறினால் கையெழுத்திட்டு ஜில்லா கல்வி அதிகாரியிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது பெறுங்கள்.